சின்ன பிலிமில தனியப் படம் எடுக்கிறது: எல்லாரும் கேக்கிற கேள்வியளும் என்ர பதிலும்

நான் யாழ்ப்பாணத்தில, கொக்குவில் பக்கம். பகலில டியூசனில கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன், மிச்ச நேரத்தில சுப்பர் 8 பிலிமில சின்னச் சின்னப் படம் எடுக்கிறன். கமெராவும் கையுமாக் கண்ட உடனை ஆக்கள் கேக்கிறதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியள்தான், ஒவ்வொருத்தருக்கும் திருப்பித் திருப்பிச் சொல்லி வாய் நொந்துபோச்சு, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதிவிடுறன். ஒழுங்கு கிழுங்கு பாக்காதேங்கோ.

சுப்பர் 8 எண்டா என்ன?

8 மில்லிமீற்றர் அகலமான பிலிம். கொடாக் கொம்பனிக்காரர் 1965ல கொண்டுவந்தவை. அதுக்கு முதல் 1932ல இருந்து வேற ஒரு 8 இருந்தது, அது 16 மில்லிமீற்றர் பிலிமை ஒருபக்கம் ஓடவிட்டுப் பிறகு திருப்பிப் போட்டு மற்றப்பக்கம் எடுத்து, கழுவின பிறகு நடுவால கிழிச்சு ஒட்டுறது. சுப்பர் 8 அந்தக் கரைச்சல் இல்லாம ஒரு பிளாஸ்ரிக் கார்ட்ரிட்ஜுக்குள்ள வரும், கமெராவைத் திறந்து சொருகினாச் சரி, எங்கட அம்மாவும் போடுவா. உள்ளுக்கு 50 அடி பிலிம், 15 மீற்றர், மொத்தம் 3600 ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம். செக்கனுக்கு 18 ஃபிரேம் எண்டு ஓடவிட்டா 3 நிமிசம் 20 செக்கன், 24 எண்டா இரண்டரை நிமிசம், அவ்வளவுதான், முடிஞ்சுது. ஒரு ஃபிரேம் 5.8க்கு 4 மில்லிமீற்றர், பயறு ஒண்டை வச்சுப் பாருங்கோ, அந்தளவுதான் வரும். அதுக்குள்ள ஒரு முழுப் பனங்கூடல் நிக்கும்.

போனிலயே திறமா எடுக்கலாமே அண்ணை, ஏன் உந்த வில்லங்கம்?

உண்மைதான், போன் திறம். நானும் மருமகளின்ர பிறந்தநாளை போனிலதான் எடுக்கிறன்.

ஆனா ஒரு கதை சொல்லுறன். எங்கட வீட்டுக் கிணத்துக்கட்டில பக்கத்துக் காணிப் பனையின்ர நிழல் விழும், விடிய மேற்குப் பக்கத்தில துவங்கி பின்னேரம் கிழக்கால இறங்கிப்போகும். சின்ன வயசில இருந்து பாக்கிறன், ஒருநாளும் முழுசாப் பாத்ததில்லை. அதை எடுக்கோணும் எண்டு கணக்குப் போட்டன், 3600 ஃபிரேமையும் 10 செக்கனுக்கு ஒண்டா அடிச்சா 36000 செக்கன், சரியா 10 மணித்தியாலம். விடிய 7 மணிக்குத் துவங்கினா பின்னேரம் 5 மணிக்கு ஒரு கார்ட்ரிட்ஜ் முடியும். தானா அடிக்கிற வசதி என்ர கமெராவில இல்லை, விசைக் கேபிளைக் கையில வச்சுக்கொண்டு கதிரையில இருந்து 10 செக்கனுக்கொருக்கா அமத்தினன். சாப்பாட்டுக்கு ஒரு அரை மணித்தியாலம் மருமகள் அமத்தினவள், அவள் எண்ணுறது கொஞ்சம் வேகம் எண்டபடியா படத்தில மத்தியானத்துக்குப் பிறகு நிழல் ஒரு கொஞ்ச நேரம் தயங்கித் தயங்கிப் போகும். பாக்கிறாக்களுக்கு 3 நிமிசம் 20 செக்கன். எனக்கு அண்டைக்குத்தான் தெரிஞ்சது மூண்டு மணிக்கு நிழல் கட்டின்ர வெடிப்பில மடிஞ்சு நிக்கும் எண்டு. போனை ஸ்ராண்டில வச்சிட்டு உள்ள போய் படுத்திருந்தாலும் உந்தப் படம் வந்திருக்கும், நான்தான் அங்க இருந்திருக்க மாட்டன்.

பரீட்சார்த்தப் படம் எண்டா என்ன?

முதல்தரம் சொன்ன உடனை ஒரு பெரியவர் கேட்டார், "எந்தப் பரீட்சைக்குத் தம்பி?" எண்டு. டியூசன் வாத்தி எண்டபடியா அவர் கேட்டதிலயும் பிழையில்லை.

கதை, நடிகர், வசனம் எண்டு போகாம பிலிமையும் வெளிச்சத்தையும் நேரத்தையுமே வச்சு விளையாடுறது எண்டு வைப்பம். சிலபேர் கமெராவே தொடுறேல்லை. அமெரிக்காவில ஸ்டான் பிராக்கேஜ் எண்டு ஒருத்தர் (1933–2003), 1963ல செத்த பூச்சியின்ர சிறகையும் இலையையும் ரெண்டு ஒட்டுப் ரேப்புக்கு நடுவில வச்சு அப்பிடியே ஒரு படமாக்கினவர். அதுக்கு அடுத்த வருசம் அவற்ற 16 மில்லிமீற்றர் சாமானைக் கள்ளர் கொண்டுபோக, காசில்லாம மலிவான 8 மில்லிமீற்றர் கமெராவை வாங்கி, அதிலயே வருசக்கணக்கா ஒரு தொடர் எடுத்தார். எனக்கு அவற்ற படங்களைவிட இந்தக் கதைதான் கூடப் பிடிக்கும்.

நானும் ஒருக்கா செய்து பாத்தன். மாரி துவங்கி முதல் மழைக்கு லைற்றைச் சுத்தி ஈசல் வந்து விடிய விறாந்தை முழுக்கச் சிறகாக் கிடக்குமெல்லே, அதைப் பொறுக்கி வெறும் பிலிமில ஒட்டினன். ஒரு சிறகு ஆறு ஃபிரேம் நீளம் வரும், ஓடவிட்டா செக்கனில மூண்டில ஒரு பங்கு, கண்ணை ஒருக்கா வெட்டுற நேரம். ஒட்டினது தடிச்சுப்போனதால புரொஜெக்டரில ரெண்டுதரம் இறுகினது, மூண்டாம்தரம் ஓடினது. சிறகின்ர நரம்பு சுவர் முழுக்க வேர் மாதிரி விழுந்தது, வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு.

பிலிம் எங்க வாங்குறியள்? இஞ்ச கடையில இருக்கோ?

இல்லை. யாழ்ப்பாணத்துக் கடையில நான் காணேல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில இருந்து வாற சொந்தக்காரர்தான் என்ர சப்ளை. சொக்லேற், சென்ற் போத்தலுக்கு நடுவில நாலு கார்ட்ரிட்ஜ். கமெராவும் அப்பிடித்தான், சுவிஸில இருக்கிற சித்தப்பா பழைய சாமான் விக்கிற சந்தையில கண்டு கொண்டந்தவர், யப்பான் சாமான், என்னைவிட வயசு கூட.

கொண்டாறாக்களுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான்: செக்கின் பண்ணுற சூட்கேசுக்குள்ள பிலிமை வைக்காதேங்கோ, அதுக்கு அடிக்கிற எக்ஸ்ரே பலமானது. கைப்பையில வச்சு, கையால பாக்கச் சொல்லிக் கேளுங்கோ, புதுசா வந்த சீற்றி ஸ்கானரும் பிலிமுக்கு ஆகாது. மாமி ஒராள் வெக்கத்தில கேக்காம விட்டவ, அந்த நாலும் புகார் மூடின மாதிரித்தான் வந்தது. நான் ஒண்டும் சொல்லேல்லை, அவ எனக்கு சேட்டும் கொண்டந்தவ.

வந்த பிலிம் வீட்டில பிறிட்ஜில இருக்கும், காற்றுப் புகாத டப்பாவில, சிலிக்கா ஜெல்லோட. 13 பாகைக்குக் கீழ வைக்கச் சொல்லித்தான் கொடாக் சொல்லுது. எடுக்கிறதுக்கு முதல்நாள் வெளியில வைக்கோணும், குளிரோட திறந்தா வேர்த்துப்போகும். இடியப்பமாவுக்கும் தயிர்ச்சட்டிக்கும் நடுவில கிடக்கிறதால எனக்கும் அம்மாவுக்கும் கிழமைக்கொரு சண்டை.

எங்கட வெயிலுக்கு பிலிம் தாங்குமோ?

வெயில்தான் பெரிய பிரச்சினை, கூடிப்போன வெளிச்சம். நான் கூடப் பாவிக்கிறது ட்ரை-எக்ஸ் எண்ட கறுப்பு வெள்ளை பிலிம், அது 200 ஐஎஸ்ஓ, வெளிச்சத்தைப் பிடிக்கிற வேகத்துக்கான கணக்கு. உச்சி வெயிலில லென்சின்ர ஓட்டையை நல்லாச் சுருக்கி எஃப் 16ல வச்சா அதுக்கு ஒரு செக்கனில 200ல ஒரு பங்கு வெளிச்சம் காணும், ஆனா 18 ஃபிரேமில ஓடேக்க கமெரா குடுக்கிறது கிட்டத்தட்ட 40ல ஒரு பங்கு, அப்ப அஞ்சு மடங்கு கூட. செம்மணி வெளியில, ஆனையிறவில உப்பு வெள்ளைக்குக் கிட்ட நிண்டா இன்னும் மோசம். அதால லென்சுக்கு முன்னால என்டி 8 எண்ட கறுத்தக் கண்ணாடி போடுறனான், எட்டில ஒரு பங்கைத்தான் உள்ள விடும். கண்ணாடி இல்லாட்டி விடிய 8 மணிக்கு முதல் எடுங்கோ, இல்லாட்டி பின்னேரம் நாலரைக்குப் பிறகு. கிடுகு வேலி இருக்கிற ஒழுங்கையெண்டா அந்த நேரம் ஓட்டை ஓட்டையா வெளிச்சம் விழும், அதுக்கு மேல என்ன வேணும். இப்ப எல்லாரும் மதிலும் தகரமும் அடிச்சிட்டினம், கிடுகு வேலி தேடி நான் சைக்கிளில அலையிறன்.

ஆர் கழுவித் தாறது?

நான்தான். எங்கட ஸ்ரூடியோக்காரர் பிலிம் கழுவுறதை விட்டு எத்தினையோ வருசம்.

இதை விவரமாச் சொல்லுறன், கனபேர் உதைத்தான் கேக்கினம். கோப்பியில கழுவுறது. சிரிக்காதேங்கோ, கெமிஸ்ட்ரி சரி: கோப்பியில கஃபீயிக் அசிட் எண்டு ஒண்டு இருக்கு, அது காரத்தில வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பை வெள்ளியா மாத்தும், விற்றமின் சி அதுக்குத் துணை. கஃபீனுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. ஒரு லீற்றருக்கு தண்ணியில்லாத வொஷிங் சோடா 54 கிராம், விற்றமின் சி 16 கிராம், இன்ஸ்ரன்ற் கோப்பி 40 கிராம், 20 பாகையில 15 நிமிசம். சோடா பளிங்கு பளிங்கா இருந்தா அதுக்குள்ள தண்ணி இருக்கு, அப்ப 54 காணாது, 146 கிராம் போடோணும். உதை டியூசனில மோல் கணக்காயே குடுத்திருக்கிறன், ஒருத்தருக்கும் ஏன் எண்டு விளங்கேல்லை.

முதல் றோலில நான் விட்ட பிழை, விற்றமின் சி பவுடர் கிடைக்காம தண்ணியில போட்டா நுரைக்கிற குளிசையை வாங்கிப் போட்டன். அதுக்குள்ள சிற்றிக் அசிட்டும் பைகாபனேற்றும் இருக்கு, காரம் இறங்கிப் போச்சு, படம் ஆவி மாதிரித்தான் வந்தது. கெமிஸ்ட்ரி வாத்தி எண்டு வெளியில சொல்லேலாத நாள் அது.

ரெண்டாவது பிரச்சினை தண்ணி. எங்கட கிணறெல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால வாற தண்ணி, கேத்திலின்ர அடியைப் பாத்தாலே தெரியும். அதுக்குள்ள சோடாவைப் போட்ட உடனை கல்சியம் காபனேற்றாப் படிஞ்சு பால் மாதிரி வெளுக்கும், அந்தத் தூள் பிலிமில ஒட்டிக்கொண்டா படம் முழுக்கப் பொட்டுப் பொட்டு. என்ர மூண்டாவது படத்தில யாழ்ப்பாணத்தில பனி கொட்டும், கனடாவில எடுத்ததோ எண்டு ஒராள் கேட்டார். இப்ப ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பீலித் தண்ணியைக் கானிலை பிடிச்சு வடிச்சு வைக்கிறன், முதல் மழையை விட்டிட்டு, ஓட்டுத் தூசு கழுவுப்பட்ட பிறகு. கரைக்கிறதுக்கும் கடைசி அலசலுக்கும் அதுதான், நடுவில அலசுறது கிணத்துத் தண்ணி.

மூண்டாவது சூடு. எங்கட தண்ணி சும்மாவே 28, 29 பாகை நிக்கும், அதில விட்டா கோப்பி தறிகெட்டு வேலை செய்யும், பிலிமின்ர ஜெலற்றினும் இளகிப்போகும். பெரிய பேசினில ஐஸ்கட்டி போட்டு அதுக்குள்ள ராங்கை இருத்தி 20க்குக் கொண்டாறது. ராங்க் சோவியத் காலத்து லோமோ ராங்க், உள்ளுக்கு சுருள் இருக்கும், 15 மீற்றரும் ஒண்டோடொண்டு ஒட்டாம அதில சுத்தோணும். அதுவும் கும்மிருட்டில. எங்கட வீடு ஓட்டு வீடு, நிலவு நாளில ஓட்டு இடுக்கால வெளிச்சம் கசியும், ஆனபடியா அமாவாசையை அண்டித்தான் வேலை. ஏதோ செய்வினை செய்யிறன் எண்டு பக்கத்து வீட்டு ஆச்சி நினைச்சிருப்பா, கோப்பியும் சோடாவும் சேர வாற மணத்துக்கு ஆரும் அப்பிடித்தான் நினைப்பினம்.

கோப்பி முடிய ஒரு அலசல், பிறகு மிச்ச வெள்ளி உப்பைக் கரைச்செடுக்கிற ஹைப்போ, சோடியம் தயோசல்பேற், பழைய ஸ்ரூடியோக்காரர் எல்லாருக்கும் தெரிஞ்ச சாமான். பிறகு அரை மணித்தியாலம் அலசி விறாந்தையில உடுப்புக் கொடியில குறுக்கும் மறுக்குமாக் காயப்போடுறது. ஒருக்கா காயமுந்தி ஒரு பல்லி அதுக்கு மேலால ஓடிட்டுது. பல்லி சொன்னாப் பலிக்கும் எண்டுவினம், இது கையெழுத்தே வச்சிட்டுப் போனது. அந்தக் காலடி ஒரு செக்கனுக்கு மேல படத்தில ஓடும், வெட்டேல்லை.

இப்பிடிக் கழுவினா வாறது நெகட்டிவ், ஸ்கான் பண்ணிக் கொம்பியூட்டரில திருப்பிறது. புரொஜெக்டரில நேர ஓட்ட வேணுமெண்டா வெளுக்கப் பண்ணி, திருப்பி வெளிச்சம் காட்டி, ரெண்டாம்தரம் கழுவோணும், அது இன்னொரு நாள் எழுதுறன்.

கலர்?

வீட்டில செய்யிறேல்லை. நான் பாவிச்ச கலர் நெகட்டிவின்ர பின்பக்கம் கரி மாதிரி ஒரு பூச்சு இருந்தது, அதை உரிச்செடுக்க நாரி முறியும். கலர் றோல் வந்த வழியே சூட்கேசில திரும்பிப் போய் அங்கத்தை லாபில கழுவுப்பட்டு லிங்கா வரும்.

செலவு?

ஒரு கலர் றோல், கழுவுறது, ஸ்கான் எல்லாம் சேத்தா 100 டொலருக்குக் கிட்டப் போகும். கறுப்பு வெள்ளையை வீட்டில கழுவினா பிலிம் காசும் கோப்பிக் காசும்தான். வருசத்துக்கு ஆறு, ஏழு றோலுக்கு மேல என்னால ஏலாது. ஆறு றோல் எண்டா 20 நிமிசம். ஒரு வருசத்துக்கு 20 நிமிசம் காணும் எண்டுதான் இப்ப நினைக்கிறன், முந்தி எரிச்சலா இருந்தது.

ஏன் தனிய? ஒரு ரீம் சேக்கலாமே?

ரீம் சேத்தா ஆளுக்கொரு பிளேன்ரீ, அதுக்குள்ள வெளிச்சம் போயிடும்.

பகிடி இல்லை, ஒரு கிழமை ரெண்டு பெடியளோட போய்ப் பாத்தன், நல்ல பெடியள். ஆனா பக்கத்தில ஆள் நிண்டா எனக்கு ஏதாவது நடத்திக் காட்டோணும் போல வந்திடும், சும்மா நிக்கேலாது. குறிகட்டுவான் இறங்குதுறையில வள்ளம் வரும்வரைக்கும் ஒண்டரை மணித்தியாலம் தண்ணியைப் பாத்துக்கொண்டு நிண்டு கடைசியா 12 செக்கன் எடுக்கிறதுக்கு ஒருத்தனை மறிச்சு வச்சிருக்கிறது பாவம். லித்துவேனியாவில பிறந்து நியூயோர்க்கில இருந்த ஜோனாஸ் மெக்காஸ் எண்டவர் வாழ்நாள் பூரா ஒரு பொலெக்ஸ் கமெராவோட தன்ர நாளாந்தத்தையே எடுத்தவர், இங்கிலாந்தில டெரெக் ஜார்மன் பெரிய படங்கள் எடுத்த காலத்திலயும் சுப்பர் 8ஐ விடேல்லை. கமெரா ஒரு கைக்குள்ள அடங்கிறதாலதான் அப்பிடி ஏலுமா இருந்தது.

கமெராவைக் கண்டு ஆரும் பிரச்சினை குடுத்தவையோ?

ஒருக்கா. சுப்பர் 8 கமெராவுக்குக் கீழ துவக்குப் பிடி மாதிரி ஒரு பிடி, விரல் வைக்கிற இடத்தில விசை. இதை எங்கட ஊரில, அதுவும் பின்னேரம் ஆளில்லாத ஒழுங்கையில கண்ணுக்கு நேர தூக்கிப் பிடிச்சா என்ன நடக்கும் எண்டு நான் யோசிக்கேல்லை. மறிச்ச ஆள் எடுத்ததைக் காட்டு எண்டார், காட்ட இதில ஸ்கிரீன் இல்லை எண்டன், கழுவினாத்தான் தெரியும் எண்டன், எப்ப எண்டார், அமாவாசைக்குப் பிறகு எண்டன். உண்மையைத்தான் சொன்னனான். முக்கால் மணித்தியாலம் போச்சு. இப்ப பிடியை மடிச்சு வச்சு நெஞ்சுக்குக் கிட்டப் பிடிச்சுத்தான் எடுக்கிறன்.

யுத்தத்தைப் பற்றி ஏன் எடுக்கிறேல்லை?

இதை வெளியில இருந்து வாறாக்கள்தான் கூடக் கேக்கிறது. கிணத்துப் படத்தைப் பாத்திட்டு ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, "இந்தக் கிணத்துக்குள்ள ஏதும் நடந்ததோ?" எண்டார். நடந்தது, மருமகள் வாளியை விழுத்தினவள், பாதாளக் கரண்டி போட்டுத்தான் எடுத்தனாங்கள்.

யாழ்ப்பாணச் சனம் இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவு மழைக்குள்ள நாங்களும்தான் நடந்தனாங்கள். திரும்பி வரேக்க ஓடும் இல்லை கதவும் இல்லை, அல்பத்துக்கு எங்கை போறது. என்ர சின்ன வயசுப் படம் ஒண்டும் கையில இல்லை. அந்தக் காலம் பற்றரிக்கும் தடை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட ஆக்கள் நாங்கள், இண்டைக்கும் கமெராவுக்கு பற்றரி வாங்கேக்க ரெண்டு சோடி கூடத்தான் வாங்குவன். அதெல்லாம் கிடக்கு. ஆனா பனையின்ர நிழலை எடுத்தாலும் அது எதுக்கோ குறியீடு எண்டு விளங்கப்படுத்த வேண்டி வந்தா, அது எனக்குப் பிடிக்கேல்லை. நிழல் நிழலா இருக்கட்டும்.

படத்துக்குச் சத்தம்?

இல்லை. 1973ல இருந்து சத்தமும் பதியிற கார்ட்ரிட்ஜ் வந்தது, 90கள் முடியமுந்தி நிப்பாட்டிட்டினம். இப்ப நான் தேவையெண்டா போனில தனிய ரெக்கோர்ட் பண்ணி வைக்கிறன், அதிலயும் பாதி கமெராவின்ர கிர்ர் சத்தம்தான்.

எங்கட வீட்டில தாத்தா காலத்துப் பழைய றீல் கிடக்கு. என்ன செய்யிறது?

முதல் வேலை, ஓட்டிப் பாக்காதேங்கோ. ஆசையாத்தான் இருக்கும், ஆனா காஞ்சு சுருங்கின பிலிமைப் பழைய புரொஜெக்டர் கிழிச்சுப்போடும், இல்லாட்டி இறுகி நிண்டு லாம்புச் சூட்டில உருகும். எனக்கே நடந்தது, சுவரில ஒரு முகம் நடுவில கபில நிறமாகி ஓட்டை விழுந்து விரிஞ்சுகொண்டு போனது, சின்னப்பிள்ளையள் கைதட்டினவை, எனக்கு அழுகை வந்தது.

மணந்து பாருங்கோ. வினாகிரி மணம் அடிச்சா பிலிமின்ர அடிப் பிளாஸ்ரிக்கான அசிற்றேற் பழுதாகத் துவங்கிட்டுது, அந்த றீலை மற்றதுகளோட வைக்கக்கூடாது, கெதியா ஸ்கான் பண்ண வேணும். எந்த 8 எண்டு தெரிய ஓரத்து ஓட்டையைப் பாருங்கோ. ஓட்டை பெரிசா, ரெண்டு படத்துக்கும் நடுக்கோட்டில இருந்தா பழைய 8. சின்னதா, படத்தின்ர நடுவுக்கு நேர இருந்தா சுப்பர் 8. ஸ்கான் பண்ணுற இடத்தில முதல் கேப்பினம். நெருப்புப் பிடிக்குமோ எண்டு பயப்பிடவேண்டாம், வெடிச்சு எரியிற நைற்றிரேற் பிலிம் பழைய 35 மில்லிமீற்றரிலதான், 8 எல்லாம் சேஃப்ரி பிலிம். பிஸ்கற் ரின்னில, அலுமாரியின்ர மேல்தட்டில வைக்காதேங்கோ, ஓட்டுக்குக் கீழ அதுதான் வீட்டிலயே சூடான இடம். வெளிநாட்டில உங்கட ஆக்களிட்டயும் கேளுங்கோ, 70கள்ல இஞ்ச நடந்த கலியாண வீட்டுப் றீல் அங்கத்தை நிலக்கீழ் அறையளில கிடக்கு, குளிரில எங்கட வீட்டைவிடப் பத்திரமா.

உங்கட படங்களை எங்க பாக்கலாம்?

இணையத்தில போடேல்லை, போடுற எண்ணமும் இல்லை. எங்கட விறாந்தையில வெள்ளை வேட்டி கட்டி புரொஜெக்டரில ஓட்டுறன், 12 பேர் இருக்கலாம், பாய் இருக்கு. சித்திரை வைகாசியில வராதேங்கோ, ஃபான் போட்டா வேட்டி ஆடும், போடாட்டி சனம் பாதியில எழும்பிப் போயிடும். மார்கழியில, மழை விட்ட நாளாப் பாத்து வாங்கோ.